ஒரு பகல் காலி மனை

விறகுத் தொட்டிக்காரர் பெண்டாட்டி மண்ணெண்ணெய் க்யூவில் நின்றால் சிரிப்பு வருமா வராதா? எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்தோம். ரேஷன் கடை திறப்பதற்கு வெகு முன்பே சண்முகவடிவு தகர டின்னைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பாள். "இன்னாம்மா, வூட்ல வெறகு தீந்துபூட்ச்சா?" என்று யாராவது வாயைக் கிண்டினால் முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொள்வாள். வீட்டைச் சுற்றிச் சவுக்கும் புளியும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்க, அவளுக்கு ஸ்டவ்வில்தான் உலை கொதிக்கும். எழுபத்தைந்தாம் வருஷத்து ஐப்பசிக்கு அப்புறம் அவள் விறகடுப்பைத் தொட்டதே இல்லை. அந்த ஐப்பசியில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

மயிலாப்பூர் என்றதும் குளம், கோபுரம், மாட வீதி என்று பேசுகிறவர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கால்வாய்க்குப் போகிற தெரு எங்களுடையது. மழைக்காலத்தில் சாக்கடையும் தெருவும் ஒன்றாகிவிடும். ஒரு காலத்தில் சவுக்குக் கட்டை படகில் கால்வாய் வழியாகவே வந்து இறங்கியதாம். பிறகு கட்டை லாரியில் வந்தது, கால்வாயில் நாற்றம் மட்டும் வந்தது. தெருக் கோடியில், கட்டையை எடைபோட்டு விற்கிற அந்த விறகுத் தொட்டி. மனை சங்கரனுடையது. ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், சித்திரக்குளத்துப் பக்கம் குடியிருந்தார். மனைமேல் நின்ற ஓட்டு வீடு, கட்டை அடுக்கும் கொட்டகை, பெரிய தராசு எல்லாம் வெள்ளைத்துரை உண்டாக்கியவை. இருபது வருஷக் குத்தகைக்கு வெறும் மண்ணாக எடுத்து, அவரே செங்கல் சுமந்து கட்டிய வீடு அது.

வெள்ளைத்துரை திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ராஜரத்தினத்தை வரவழைத்து, தொழில் பழக்கி, ஊரிலிருந்தே சண்முகவடிவைப் பார்த்துக் கட்டிவைத்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வெள்ளைத்துரையிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு விறகு வாங்க வந்தால் தராசில் ஏற்றமாட்டார். "அள்ளிக்கிட்டுப் போங்கய்யா, பெறகு பாத்துக்கிடலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர்மேல்தான் ஒருநாள் அட்டி சரிந்தது. அடுக்கியிருந்த புளியங்கட்டை மொத்தமும் இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு முன்னறைக் கட்டில்தான். கட்டிலைத் தராசு தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு, படுத்தபடியே வியாபாரத்தை மேய்த்தார்.

குத்தகை முடிகிற ஐப்பசிக்குச் சற்று முன்னால் ஒரு காலையில் சங்கரன் வந்தார். தூறலில் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். சுள்ளி வாங்கப் போயிருந்த நான் ஒதுங்கி நின்றேன்.

"ராஜரத்னம், நான் மறைச்சுப் பேசத் தெரியாதவன். குத்தகையைப் புதுப்பிக்கணும்னா எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனா வக்கீல் ஒண்ணு சொல்றார்."

"சொல்லுங்க சாமி."

"மனை என்னுது, கட்டடம் ஒங்களுது. இப்படி இருந்தா, இருக்கறவா கோர்ட்டுக்குப் போய் மனையையே வெலைக்குக் கேக்கலாமாம். ஜட்ஜ் சொல்ற வெலைக்கு நான் கையை நீட்டிண்டு நிக்கணுமாம். எனக்கு இருக்கறது இந்த ஒரு மனைதான். ரெண்டு பொண்ணு ஆத்துல நிக்கறது."

"நாங்க அப்பிடிச் செய்யுத ஆளுகளா சாமி?"

"நீங்க செய்யமாட்டேள். எனக்கப்புறம் ஒங்களுக்கப்புறம் யார் என்ன பண்ணுவான்னு தெரியுமா? அதனால கட்டடத்தை எம் பேருக்கு எழுதிக் குடுத்துடணும். குத்தகை முடியற அன்னிக்கு ஒரு பகல் முழுக்க மனையைக் காலி பண்ணி என் கையில ஒப்படைக்கணும். ஒரு சிராய் இருக்கப்படாது, ஒரு மனுஷா இருக்கப்படாது. நான் பூட்டிண்டு போயிடுவேன். சாயந்தரம் வெளக்கு வெக்கற நேரத்துல வந்து தெறப்பேன். பால் காய்ச்சிண்டு புதுசாக் குடி வாங்கோ. காலியா இருந்ததுக்கு ஒரு போட்டோ, பால் காய்ச்சினதுக்கு ஒரு போட்டோ. பழைய பாத்தியதை அதோட அறுந்துடுத்து."

"முன்பணமும் ஏறுமில்லா?"

"அது ஏறத்தான் செய்யும்."

எவ்வளவு ஏறியது என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரம் சண்முகவடிவின் கையில் வளையல் இல்லை, அவ்வளவுதான் தெரியும். ஆனால் பணத்தை அவர்கள் ஒரு பொருட்டாகவே பேசவில்லை. உள்ளேயிருந்து வெள்ளைத்துரையின் குரல் வந்தது.

"ஏ தம்பி, அவர உள்ள வரச் சொல்லு."

சங்கரன் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு முன்னறைக்குள் போனார்.

"சாமி, இந்த வீட்டுக்கு ஓடு ஏத்துன அன்னைக்கு எங்கூட நின்னு மோரு குடிச்சீயளே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் ஆள்கிட்டச் சொல்லியனுப்பாம நேர்ல வந்தேன்."

"ஒரு மனுசரு இருக்கப்பிடாதுங்கீய. படுத்துக் கெடக்கவன எங்க கொண்டு போடச் சொல்லுதீய?"

கெட்ட மனிதர் அல்ல சங்கரன். பயந்த மனிதர். பயந்தவர்கள் செய்கிற காரியம் சில சமயம் கெட்டவர்கள் செய்வதைவிட மோசமாகிவிடுகிறது. "பத்திரம் ஒங்க பேர்ல இருக்கு வெள்ளைத்துரை, நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். குடையை மறந்துவிட்டுப் போய், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அண்ணன் தம்பி சண்டை தெருவுக்கே கேட்டது.

"கோர்ட்டுக்குப் போவம். சட்டம் நம்ம பக்கம்னு அந்த மனுசரே சொல்லுதாரில்லா?"

"வருசக்கணக்குல அலையணும்ணே. அதுக்குள்ள யாவாரம் படுத்துரும். இப்பந்தான் மண்ணெண்ண கெடைக்காம சனம் வெறகுக்குப் பறக்குது. இந்த நேரத்துல வம்பு வழக்குன்னு நின்னா லாரிக்காரன் கட்ட எறக்குவானா?"

"நான் கெட்டுன வீட்ட நானே எழுதிக் குடுத்துட்டு, அதுக்குள்ளயே ஒண்டிக்கிட வரணுமாக்கும்?"

"நீங்க படுத்திருக்கீய. தெருவுல நிக்கப்போறது நானில்லா?"

இந்தப் பேச்சு ராஜரத்தினம் பேசியிருக்கக் கூடாது. வெள்ளைத்துரை அதோடு வாயை மூடிக்கொண்டார். தம்பி கஞ்சி கொண்டுபோனால் குடிக்கவில்லை, தம்பி குரல் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குத்தகை முடிகிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ராஜரத்தினம் பெண்டாட்டியைக் கேட்கச் சொன்னார். அண்ணன் அவளிடம் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அவர் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தவள் அவள்தான்.

அவள் அன்று நொச்சிக்குப்பத்துத் தேசம்மாவிடம் நெத்திலிக் கருவாடு வாங்கி, அவருக்குப் பிடித்த மாதிரி சின்ன வெங்காயம் நிறையப் போட்டு வதக்கினாள். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அத்தான், ஒங்க தம்பி ஒறங்கி எத்தனையோ நாளாச்சு."

"நீ கேக்கியா, அவன் கேக்கச் சொன்னானா?"

"அவிய சொன்னாவ. நானுந்தான் கேக்கேன். இந்த எடம் போச்சுன்னா நாம எங்க போவம்? ஊருல நமக்கு என்ன கெடக்கு?"

வெள்ளைத்துரை கருவாட்டை மென்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் மென்றார்.

"ஒரு பகலுதான அத்தான். எதுத்தாப்பல பாய் சைக்கிள் கடையில கட்டிலப் போட்டுக்கிடலாம். நான் பக்கத்துலயே இருப்பேன்."

"சரி தாயி. ஆனா ஒண்ணு. சாயங்காலம் கதவத் தொறந்ததும் மொதல்ல எங்கட்டிலுதான் உள்ள போவணும். நான் போன பெறகுதான் நீங்க ரெண்டுபேரும். நான் கெட்டுன வீட்டுக்குள்ள எனக்குப் பின்னாலதான் எவனும் நொழையணும்."

"சரி அத்தான்."

"அவன் வாயால சொல்லச் சொல்லு."

ராஜரத்தினம் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "சரிண்ணே. சத்தியமா" என்றார். வெள்ளைத்துரை கையெழுத்துப் போட்டார்.

சாதாரணமாக யாரும் மழைக்காலத்தில் தொட்டியைக் காலி செய்யமாட்டார்கள். தீபாவளிக்கென்று வாங்கிப் போட்ட கட்டை கூரைவரை நின்றது. அத்தனையையும் வெளியே எடுத்துத் தெருவோரம் அடுக்கி, மூடி, மறுபடி உள்ளே கொண்டுபோக வேண்டும். முந்தின நாளே வேலை தொடங்கிவிட்டது. தொட்டிக் கூலியாட்கள் குப்பனும் மண்ணாங்கட்டியும் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு சுமந்தார்கள். கெங்கம்மா பட்டையையும் சுள்ளியையும் தனித்தனியாகக் கட்டினாள்.

"அண்ணாச்சி, இன்னா வெளையாட்டா கீதா இது?" என்றான் குப்பன். "வெளிய தூக்கிப் போட்டு மறுக்கா உள்ள தூக்கிப் போடறதுக்கு ஒரு பத்திரமா? மானம் வேற மூட்டம் போட்டுக்கினு கீது."

"கூலி குடுக்கறாரில்ல? வாய மூடிக்கினு தூக்குடா" என்றான் மண்ணாங்கட்டி.

"கூலிய வுடு. கட்ட நனைஞ்சா என்னாவறது? நனைஞ்ச கட்டைய எவன் வாங்குவான்?"

"வெறகு காஞ்சிரும்டே. எடம் போனா வராது. தூக்கு" என்றார் ராஜரத்தினம்.

குத்தகை முடிகிற அன்று பொழுது விடிந்தபோது மழை இல்லை. வானம் வெளிறிக் கிடந்தது. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹபீபுர் ரஹ்மான் வீட்டுக்குப் போயின. கடைக்குப் பின்கட்டுதான் அவர் வீடு. அவர் மனைவி ஜமீலுன்னிசா தன் சமையலறையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தாள். சாயங்காலம் காய்ச்சுவதற்கென்று வாங்கிய பால், மூடிய செம்பில் அங்கேதான் இருந்தது. கடைசியாகக் கட்டிலை நாலு பேர் தூக்கினார்கள். வாசல் குறுகல், கட்டிலைச் சாய்த்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. நிலையைத் தாண்டும்போது வெள்ளைத்துரை கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். யாரும் விடச் சொல்லவில்லை. அவராகவே விடும்வரை அப்படியே நின்றார்கள்.

கட்டிலை சைக்கிள் கடையின் தகரச் சார்ப்புக்குக் கீழே, தொட்டி வாசல் தெரிகிற மாதிரி போட்டார்கள். சங்கரன் போட்டோக்காரரோடு வந்தார். கொட்டகை, அறை, கிணற்றடி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். தரையில் ஒரு பட்டைத் துண்டு கிடந்தது. தானே குனிந்து எடுத்து மதிலுக்கு வெளியே போட்டார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் காலி மனையைப் படம் பிடித்தார். பிறகு சங்கரன் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, கட்டில்பக்கம் திரும்பாமல் போனார்.

உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையை எங்கள் தெருவுக்குப் புதிதாக யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைய மழை வஞ்சம் வைத்துப் பெய்த மழை. கால்வாய்ப் பக்கமிருந்து காற்று வந்து தார்ப்பாயைத் தூக்கியது. ராஜரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அட்டிக்கு அட்டி ஓடினார். கட்டிலிலிருந்து வெள்ளைத்துரை கத்தினார்.

"மேக்குப் பக்கம் கயித்த இழுத்துக் கெட்டுல! காத்து அங்கிட்டுத்தான் அடிக்கி! அடிக்கட்டை நனைஞ்சா அட்டி சரியும், கிட்டப் போவாத!"

"கேட்டுதுண்ணே!"

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அத்தனை நாளைக்குப் பிறகு அன்றுதான். சார்ப்பு ஒழுகியது. சண்முகவடிவு கட்டிலை ஒழுகாத பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கமும் ஒழுகியது. சாரல் போர்வையை நனைத்தது. ஹபீபுர் ரஹ்மான் சைக்கிள்களை ஒதுக்கிவிட்டு வந்தார்.

"பெரிய அண்ணாச்சி, உள்ளே வந்துடுங்க. நம்ம வூட்லே காத்து வராது. படுத்துக்குங்க."

"வேண்டாம் பாய். உள்ள இருந்தா வாசல் தெரியாது."

"வாசல் எங்கே ஓடிடப் போவுது?"

"தெரியட்டுமே பாய்."

ஜமீலுன்னிசா இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தனுப்பினாள். இரண்டு மடக்குக் குடித்தார். பிறகு உடம்பு நடுங்கத் தொடங்கியது. கயிறு கட்டுவது பற்றிக் கத்துவது நின்றுபோனது. அவர் குரல் நின்றதும் சண்முகவடிவு எழுந்தாள். மழையில் இறங்கிப் புருஷனிடம் போனாள். நான் சார்ப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"ஏங்க, அத்தானுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. அந்தச் சாமி வீடு பக்கந்தான. போய்ச் சாவிய வாங்கியாருங்க. உள்ள கொண்டு போயிருவம்."

"வெளக்கு வெக்கட்டும்டி."

"அவரு பொறுக்கமாட்டாருங்க."

"இன்னும் கொஞ்ச நேரந்தான். பாய் வீட்டுல கம்பளி இருந்தா வாங்கிப் போத்து. நான் இந்தக் கயித்த விட்டன்னா அவ்வளவும் போச்சு."

அவர் கயிற்றை விடவில்லை. அவள் திரும்பி வந்தாள். கம்பளி வந்தது, அதுவும் நனைந்தது. ஹபீபுர் ரஹ்மான் டாக்டரைக் கூட்டிவர முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத்துரைக்கு மூச்சு நெஞ்சுக்கு ஏறி, தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது. பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. கெங்கம்மா "பாலு, பாலு" என்றாள். சண்முகவடிவு பின்கட்டுக்கு ஓடி அந்தச் செம்பை எடுத்து வந்தாள். அப்போதுதான் ராஜரத்தினம் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏட்டி, அது பால் காய்ச்ச வாங்குனதுட்டி."

அந்த வார்த்தையை அவர் யோசித்துச் சொன்னாரா, பதற்றத்தில் வாய் தவறியதா என்று எனக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு வெள்ளைத்துரையின் தலையை மடியில் தூக்கிவைத்து, செம்பைச் சாய்த்துப் பாலை ஊற்றினாள். முதல் மடக்கு உள்ளே போனது. அடுத்தது கடைவாயில் வழிந்தது. முகம் தொட்டி வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது அவருக்கு வேலை இருக்கவில்லை.

குப்பன் யாரும் சொல்லாமலே சித்திரக்குளத்துக்கு ஓடியிருந்தான். சங்கரன் குடை இல்லாமல், சட்டை போடாமல், மேல்துண்டோடு ஓடி வந்தார். கையில் சாவி. கட்டிலைப் பார்த்ததும் அவர் வாய் கோணிக்கொண்டது.

"ராஜரத்னம், இந்தாங்கோ சாவி. தெறந்து உள்ள கொண்டு போங்கோ. வெளக்கு வெக்கறதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ராஜரத்தினம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்ல சாமி. வெளக்கு வெக்கட்டும்."

"என்ன ஓய் பேசறேள்? என் மனை, நான் போட்ட நிபந்தனை. நானே விட்டுட்டேங்கறேன். மழையில கெடக்கார் ஓய் அவர்."

"இன்னைக்கு நீங்க எரங்குவீய சாமி. நாளைக்கு ஒங்க வக்கீலு வந்து, பகல் முழுக்கக் காலியா இல்ல, பத்திரம் செல்லாதும்பாரு. அப்பம் எங்கண்ணன் தெருவுல கெடந்து செத்தது வீணாப் போயிருமில்லா?"

சங்கரன் நீட்டிய கையோடு நின்றார். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அந்த நிபந்தனை சங்கரனைக் காப்பாற்றப் போட்டது. அதை முறித்தால் நஷ்டம் சங்கரனுக்குத்தான், ராஜரத்தினத்துக்கு ஒரு தூசு கிடையாது. சங்கரனுக்கே அது தெரிந்தது, எனக்குக்கூடத் தெரிந்தது. பத்திரம் என்றாலே பயந்து வளர்ந்த ராஜரத்தினத்துக்கு மட்டும் தெரியவில்லை. எதிராளியின் வேலிக்குக் காவல் நின்றார், சொந்த அண்ணனை வெளியே போட்டுவிட்டு. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

"சொல்லுங்கோம்மா நீங்களாவது" என்று சங்கரன் சண்முகவடிவிடம் திரும்பினார். அவள் வெள்ளைத்துரையின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். சங்கரன் வீட்டுக்கும் போகவில்லை. சைக்கிள் கடைப் பலகையில் சாவியைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். மழை தூறலாகக் குறைந்தது. தார்ப்பாய் பறந்துபோன அட்டிகளிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வடிந்து தெருவில் ஓடியது.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. சங்கரன் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தார். போட்டோக்காரரும் சொன்னபடி வந்துவிட்டார், விஷயம் தெரியாமல். குப்பன், மண்ணாங்கட்டி, ஹபீபுர் ரஹ்மான், நான் நாலு பேரும் கட்டில் காலில் கை வைத்தோம்.

"வைங்க கீழ" என்றார் ராஜரத்தினம்.

"அத்தான் கட்டிலு மொதல்ல போவணும்" என்றாள் சண்முகவடிவு. நாளெல்லாம் அழாதவள், அப்போதும் அழவில்லை.

"புதுக்குடி போற வீட்டுக்குள்ள பொணத்தையா கொண்டு போவாவ? வெளிய போன உசுர வீட்டுக்குள்ள ஏத்துற வழக்கம் நம்மள்ல உண்டா?"

"சத்தியம் பண்ணுனீய."

"உசுரோட இருந்தவருக்குப் பண்ணுனதுட்டி அது."

"அப்பம் நீங்க போங்க. நான் வரல."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். ராஜரத்தினம் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு குப்பனைக் கூப்பிட்டுப் பால் வாங்கிவரச் சொன்னார்.

"பெரிய அண்ணாச்சிக்குத்தான் ஊத்தியாச்சே. இன்னும் எதுக்கு அண்ணாச்சி பாலு?"

"வாங்கிட்டு வால."

குப்பனுக்கு விளங்கியபோது அவன் முகம் மாறிவிட்டது. இருந்தாலும் வாங்கி வந்து, பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு விலகிக்கொண்டான். கையில் கொடுக்கவில்லை. ராஜரத்தினமே எடுத்துக்கொண்டு, தெருவோர அட்டியிலிருந்து நாலு விறகை உருவிக்கொண்டு உள்ளே போனார். சங்கரன் பின்னாலேயே போனார். அவருக்குப் பின்னால் போட்டோக்காரர். என்ன செய்கிறார் இந்த மனிதர் என்று நானும் போனேன்.

காலி வீட்டில் காலடிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. ராஜரத்தினம் அடுப்பில் விறகை வைத்து, காகிதத்தைக் கொளுத்திச் செருகினார். காகிதம் எரிந்து அணைந்தது. விறகு சீறியதே தவிரப் பற்றவில்லை. ஊரெல்லாம் அடுப்பெரியக் கட்டை விற்ற மனிதர், குந்தியபடி ஊதினார். மறுபடி காகிதம். மறுபடி ஊதினார். புகை அறை முழுக்கச் சுற்றியது. போட்டோக்காரர் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். திறந்த கதவு வழியாகப் பார்த்தால் எதிரே சார்ப்புக்குக் கீழே கட்டிலும், அதில் அவள் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. ஜமீலுன்னிசா தலைமாட்டில் ஒரு விளக்கைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"போதும் ராஜரத்னம்" என்றார் சங்கரன்.

ராஜரத்தினம் ஊதினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகையால்தான் என்று தெருவில் சொல்வார்கள். பக்கத்தில் நின்றவன் நான். வெறும் புகைக்கு அப்படித் தோள் குலுங்காது.

"எழுந்திருங்கோ ஓய். பொங்கிடுத்து." என்றார் சங்கரன். "நான் பாத்துட்டேன். பால் பொங்கிடுத்து. வீடு ஒங்களுதுதான், எழுந்து வெளியில வாங்கோ."

ராஜரத்தினம் தலையைத் தூக்கிப் பாத்திரத்துக்குள் பார்த்தார். பாலில் ஆடைகூடக் கட்டியிருக்கவில்லை.

"இன்னும் பொங்கல சாமி" என்றார். மறுபடி குனிந்து ஊதினார்.